உப்பிட்டவர் யார்?

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்னும் பழமொழியை அறியாத தமிழர் இலர். குழந்தைப் பருவத்திலேயே அன்னையர் வாயிலாக நம் செவியில் ஏறி நெஞ்சில் வேரூன்றிவிட்ட மொழி அது. நன்றி மறவாமையை இத்துணைச் சுருக்கமாகவும் இத்துணை அழுத்தமாகவும் சொல்லும் மொழி பிறிதொன்று கிடைத்தல் அரிது. ஆயினும், நல்ல மொழியைத் தகாத இடத்தில் எடுத்தாள்வாரும் உலகில் உளர். கடைத்தெருவில் பத்தாண்டுகள் ஒரே கடையில் நிறுத்துக் கொடுத்தும் கணக்கெழுதியும் வந்த சிப்பந்தி ஒருவர், கூடுதல் சம்பளத்துக்காகவோ மதிப்பான இடத்துக்காகவோ எதிர்க்கடைக்குச் சென்றுவிட்டால், அன்று பொழுது சாய்வதற்குள் தெருவெங்கும் எழும் பேச்சு ஒன்றே: "உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்துவிட்டான்!" அச்சிப்பந்தி பத்தாண்டுகளில் அக்கடைக்கு ஈட்டிக் கொடுத்தது எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பார் ஒருவரும் இலர்.

வேலை செய்யும் இடத்தை மாற்றிக்கொள்வது நன்றி கொன்ற செயலாகுமா? இவ்வினா, அரிசியும் பருப்பும் நிறுத்துக் கொடுப்பவரைப் பற்றி எழும்போதே சிக்கலானது. செய்தியை நிறுத்துக் கொடுப்பவரைப் பற்றி எழும்போதோ இன்னும் சிக்கலாகிறது. ஏனெனில், செய்தி சொல்பவரிடம் மக்கள் வைப்பது வெறும் பழக்கமன்று, நம்பிக்கை. அந்த நம்பிக்கையைச் சுமந்துகொண்டு அவர் போட்டி நிலையத்துக்குப் போய்விடும்போது, அவர் எதனை எடுத்துச் செல்கிறார்? அஃது அவருடைய பொருளா, விட்டுச் சென்ற முதலாளியின் பொருளா, அல்லது மூன்றாமவர் ஒருவரின் பொருளா? உலகறிந்த ஒரு நிகழ்ச்சியை வைத்து இதனை ஆராய்வோம்.

அமெரிக்க நாட்டில் 1976-ம் ஆண்டில் நாடு முழுதும் பரவிநின்ற பெரிய வணிகத் தொலைக்காட்சிக் கம்பெனிகள் மூன்று. என்.பி.சி., சி.பி.எஸ்., ஏ.பி.சி. என்பன அவை. மாலைதோறும் இம்மூன்றும் ஒரே வேளையில் உலகச் செய்திகளை வழங்கும். உண்டு முடிக்கும் முன்னரோ பின்னரோ குடும்பத்தினர் அனைவரும் பெட்டியின் முன் அமர்ந்து கேட்பது வழக்கம். அச்செய்தியை முன்னின்று வழங்குபவரின் முகம், வீட்டில் மூத்தவர் ஒருவரின் முகம்போல் மக்களுக்குப் பழகியிருந்தது. அதுகாறும் அந்த ஆசனம் ஆடவருக்கே உரியதாயிருந்தது.

அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில், என்.பி.சி.யின் காலை நிகழ்ச்சியில் புகழ்பெற்றிருந்த பார்பரா வால்ட்டர்ஸ் அம்மையார், போட்டிக் கம்பெனியாகிய ஏ.பி.சி.க்குச் செல்ல இசைந்தார் என்ற செய்தி வெளியாயிற்று. ஐந்தாண்டு ஒப்பந்தம், ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் டாலர் சம்பளம். 1976-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி அவர், ஹாரி ரீசனர் என்னும் அனுபவமிக்க செய்தியாளரின் பக்கத்தில் அமர்ந்து மாலைச் செய்தியை வழங்கத் தொடங்கினார். நாடு முழுவதற்குமான மாலைச் செய்தியை முன்னின்று வழங்கும் இருவருள் ஒருவராகப் பெண் ஒருவர் அமர்ந்தது அமெரிக்காவில் அதுவே முதன்முறை.

வாழ்த்தினவர் சிலர்; ஏசினவர் பலர். பத்திரிகைகள் அவரைப் 'பத்து இலட்ச டாலர்க் குழந்தை' என்று எள்ளி நகையாடின. ரகர ஒலி அவர் நாவில் சற்றே திருந்தாது ஒலிக்கும். அதனை நையாண்டி செய்து நடித்துக் காட்டிய வேடிக்கை நிகழ்ச்சி, அவர் நீங்கிவந்த என்.பி.சி.யிலேயே ஒளிபரப்பாயிற்று. பக்கத்தில் அமர்ந்த ரீசனருக்கும் அவர் வரவு உவப்பாயில்லை. அந்த மனக்கசப்பு மறைவாயிராமல், பார்ப்பவர் கண்ணுக்கே புலனாயிற்று.

ஏச்சுக்களைத் திரட்டி நோக்கினால் அவை மூன்று குற்றச்சாட்டுக்களாய் முடியும். முதலாவது, வளர்த்துவிட்ட வீட்டை மறந்தார் என்பது. இரண்டாவது, பணத்துக்கு ஆசைப்பட்டார் என்பது. மூன்றாவது, செய்தியைக் கூத்தாக்கிவிட்டார் என்பது. ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம்.

வளர்த்துவிட்ட வீடு என்பதில் ஓரளவு உண்மை உண்டு. 1961-ம் ஆண்டில் அம்மையார் என்.பி.சி.யின் காலை நிகழ்ச்சிக்கு எழுதிக் கொடுப்பவராகச் சேர்ந்தார். படிப்படியாகத் திரைக்கு முன் வந்தார். 1972-ம் ஆண்டில் அதிபர் நிக்ஸன் சீன நாட்டுக்குச் சென்றபோது உடன் சென்ற செய்தியாளர் குழுவில் அவருக்கும் இடங்கிடைத்தது. இவையெல்லாம் அக்கம்பெனி அளித்த வாய்ப்புக்கள்.

ஆனால் அதே வீட்டில் நடந்த பிறிதொன்றையும் மறத்தலாகாது. 1971 முதல் 1974-ல் தாம் இறக்கும்வரை அந்நிகழ்ச்சியை நடத்திவந்தவர் பிராங்க் மெக்கீ என்பார். நிலையத்துக்கு வரும் முக்கிய விருந்தினரிடம் முதல் மூன்று வினாக்களைத் தாமே கேட்க வேண்டுமென்றும், நான்காவது வினாவிலிருந்தே வால்ட்டர்ஸ் வாய் திறக்கலாமென்றும் அவர் நிபந்தனை விதித்தார். கம்பெனித் தலைமையும் அதற்கு உடன்பட்டது. அம்மையார் என்ன செய்தார்? நிலையத்துக்குள் வருபவரிடந்தானே இந்தத் தடை? ஆதலின் அவர் நிலையத்துக்கு வெளியே போய்ப் பெரியவர்களைத் தேடிப் பேட்டி கண்டார். வாயைக் கட்டினால் காலால் வழி கண்டுகொண்டார் என்க. மெக்கீ இறந்த பின்னரே, 1974-ல், நிகழ்ச்சியை உடனிருந்து நடத்துபவர் என்ற பெயர் அவருக்குக் கிட்டிற்று. பதின்மூன்றாண்டு உழைப்புக்குப் பின் கிட்டிய பெயர் அது.

ஈண்டு நாம் ஒரு சொல்லைச் செவ்வையாக உணர்தல் வேண்டும். உப்பு வேறு, கூலி வேறு. பசித்து வந்தவனுக்குக் கைம்மாறு கருதாது இடுவது உப்பு. உழைப்பை வாங்கிக்கொண்டு அதன் விலையாகக் கொடுப்பது கூலி. உப்புக்கு நன்றி கடன். கூலிக்கு உழைப்பே கடன். உழைப்பை ஒழுங்காகச் செலுத்தியவன், கூலி கொடுத்தவனுக்கு வேறெதுவும் கடன்பட்டவனல்லன். கூலியை உப்பென்று பெயரிட்டழைப்பது, கடன் தீர்ந்தவனை மீண்டும் கடனாளியாக்கும் சூழ்ச்சியாகும்.

இச்சூழ்ச்சியை மலாயாத் தமிழனுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஒப்பந்தக் கூலி முறை நிலவிய நாளில், காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டு நீங்கிய தொழிலாளி 'ஓடிப்போனவன்' என்று குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டான். வேலை மாறுவது அவனுக்குக் குற்றம், தண்டனைக்குரிய குற்றம். 1910-ம் ஆண்டில் அம்முறைக்கு முடிவு கட்டப்பட்டது. சட்டம் மாறிற்று, ஆயின், சட்டத்தின் பின்னிருந்த எண்ணம் மாறிற்றா? தோட்டம் மாறுகிறவனையும் கடை மாறுகிறவனையும் இன்றும் 'ஓடிப்போனவன்' என்ற கண்கொண்டே பார்ப்பாரில்லையா? பத்து இலட்சம் டாலர் வாங்கிய அம்மையாரின் நிலையும் பால்மரம் வெட்டியவனின் நிலையும் ஒன்றென்று நாம் சொல்ல வரவில்லை. மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை அது. ஆனால், ஒப்புக்கொண்ட வேலையைச் செய்து முடித்தவனுக்கு அடுத்த வேலையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை உண்டு என்னும் நீதி, மலைக்கும் மடுவுக்கும் ஒன்றே.

இனி, இரண்டாவது குற்றச்சாட்டு. பணத்தாசை என்கிறார்கள். அம்மையாரின் தந்தையார் இரவுக் கேளிக்கை அரங்குகளை நடத்திச் செல்வராய் வாழ்ந்தவர். பின் அச்செல்வத்தை இழந்தவர். பெற்றோரையும், அறிவு வளர்ச்சி குன்றிய தமக்கையையும் தாங்கும் பொறுப்பு இவர் தலைமேல் விழுந்தது. இது பணத்தை நாடியதற்கு ஒரு காரணமாகலாம். ஆனால் நாம் அந்தக் காரணத்தைக் காட்டி அவருக்காக இரக்கம் வேண்டப் போவதில்லை. ஏனெனில், ஆடவர் ஒருவர் இவ்வாறு இடம் மாறியபோது எவரும் அவரிடம் காரணம் கேட்கவில்லை.

சான்று வேண்டுமாயின் வெகுதூரம் போக வேண்டா. அம்மையாரின் பக்கத்து ஆசனத்தில் அமர்ந்திருந்தாரே ரீசனர், அவரையே பாருங்கள். அவர் சி.பி.எஸ். கம்பெனியில் பெயர் பெற்றவர். 1970-ம் ஆண்டில், மாலைச் செய்தியை முன்னின்று வழங்கும் இடம் கிடைக்கிறதென்று போட்டிக் கம்பெனியாகிய ஏ.பி.சி.க்கு வந்தார். 1978-ம் ஆண்டில் ஏ.பி.சி.யை விட்டு மறுபடியும் சி.பி.எஸ்.க்கே போனார். இருமுறை இடம் மாறிய அவரை எவரும் 'குழந்தை' என்று அழைக்கவில்லை. அவருடைய நாவின் ஒலியை நையாண்டி செய்யவில்லை. ஆண்மகன் இடம் மாறினால் முன்னேற்றம். பெண்மகள் இடம் மாறினால் பேராசை. ஒரே செயலுக்கு இரண்டு பெயரிடும் நாவை நீதியின் நாவென்று எங்ஙனம் சொல்வது?

மூன்றாவது குற்றச்சாட்டே கனமானது. அம்மையாரின் சம்பளத்தில் ஒரு பாதியைக் கம்பெனியின் செய்திப் பிரிவு கொடுத்தது. மறு பாதியை, புகழ்பெற்றவர்களைப் பேட்டி காணும் தனி நிகழ்ச்சிகளுக்காகக் கேளிக்கைப் பிரிவு கொடுத்தது. செய்தி சொல்பவருக்குக் கேளிக்கையின் பணம் வந்தால், நாளடைவில் செய்தியும் கேளிக்கையாய்விடாதா என்று செய்தித் தொழிலின் மூத்தோர் பலர் கவலை கொண்டனர். அவர்களுள் தலையாயவர், 1962 முதல் 1981 வரை சி.பி.எஸ்.ஸின் மாலைச் செய்தியை வழங்கிய வால்ட்டர் கிராங்கைட். இக்கவலையைப் பொறாமை என்று தள்ளிவிடுதல் முறையன்று. செய்தி சொல்பவர் செய்தியைவிடப் பெரியவராகிவிடும் நோய் அதற்குப்பின் உலகெங்கும் பரவியதை நாம் கண்ணாரக் காண்கிறோம்.

அன்றியும், அந்த மாற்றத்தால் கம்பெனி எதிர்பார்த்த பயனும் விளையவில்லை. மூன்று கம்பெனிகளில் மூன்றாவது இடத்திலிருந்த ஏ.பி.சி.யின் மாலைச் செய்தி மூன்றாவது இடத்திலேயே நின்றது. இரண்டாண்டு முடிவதற்குள் ரீசனர் - வால்ட்டர்ஸ் இணை பிரிக்கப்பட்டது. ஆதலின் இடமாற்றம் எல்லாம் நன்மையே என்று முழங்குவதும் உண்மையாகாது.

நிற்க. இம்மூன்று குற்றச்சாட்டுக்களும் ஓர் உண்மையைப் பாராமல் விட்டுவிட்டன. செய்தி சொல்பவருக்கு உப்பிட்டவர் யார் என்பதே அது.

கம்பெனி சம்பளம் கொடுக்கிறது. கம்பெனிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? விளம்பரம் செய்யும் வணிகர்களிடமிருந்து வருகிறது. அவ்வணிகர்கள் எதனை விலைக்கு வாங்குகிறார்கள்? பெட்டியின் முன் எத்தனை பேர் அமர்ந்திருக்கிறார்கள் என்று எண்ணி, அந்த எண்ணிக்கைக்கேற்ப விலை கொடுக்கிறார்கள். அதாவது, பகலெல்லாம் உழைத்து மாலையில் வீடு திரும்பி, "இவர் சொன்னால் மெய்யாயிருக்கும்" என்று அமர்ந்து கேட்கும் எளிய மக்களின் நேரத்தையும் கவனத்தையுமே அவர்கள் வாங்குகிறார்கள். எனவே, பத்து இலட்சம் டாலரின் ஊற்றுக்கண் எதுவெனில், கேட்போரின் நம்பிக்கையே. கம்பெனி அந்நீரைக் கொண்டுவரும் வாய்க்கால் மாத்திரமே.

கேட்போர் அந்த நம்பிக்கையைக் கைம்மாறு கருதாமல் கொடுக்கிறார்கள். ஒப்பந்தம் எழுதி வாங்குவதில்லை, வட்டி கேட்பதுமில்லை. மேலே சொன்ன இலக்கணத்தின்படி இதுவே உப்பு. ஆகவே, செய்தி சொல்பவர் உள்ளளவும் நினைக்க வேண்டிய உப்பிட்டவர் முதலாளியல்லர். கேட்கும் மக்களே ஆவர். அவர் என்.பி.சி.யில் இருந்து சொன்னாலென்ன, ஏ.பி.சி.யில் இருந்து சொன்னாலென்ன? மக்களுக்குச் சொல்லும் சொல் மெய்யாயிருப்பின் அவர் நன்றி மறவாதவர். ஆசனத்தை ஒருநாளும் மாற்றாமல் அறுபதாண்டு ஒரே நிலையத்தில் இருந்தாலும், சொல்லும் சொல் பொய்யாயிருப்பின் அவர் நன்றி கொன்றவரே.

இந்த அளவுகோலின் அருமையை விளக்க மற்றொருவர் வரலாற்றைச் சொல்வோம். எட்வர்ட் மரோ என்பார் அமெரிக்கச் செய்தித்தொழிலில் மிக உயர்ந்த பெயர் பெற்றவர். இரண்டாம் உலகப்போர் நாளில் குண்டு விழும் லண்டன் நகரிலிருந்து வானொலி வழியே பேசியவர். 1954-ம் ஆண்டில், செனட்டர் மெக்கார்த்தியின் அடாவடியை அஞ்சாது தொலைக்காட்சியில் எடுத்துக் காட்டியவர். 1960-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில் சி.பி.எஸ். வழியே அவர் அளித்த படமொன்று, தோட்டந்தோட்டமாய் அலைந்து காயும் கனியும் பறிக்கும் அமெரிக்க ஏழைத் தொழிலாளரின் அவல வாழ்வை நாட்டாரின் கண்முன் நிறுத்திற்று. விருந்துண்டு மகிழும் திருநாளுக்கு மறுநாள், அவ்விருந்தை விளைத்தவர் பட்டினி கிடப்பதை அவர் காட்டினார்.

1961-ம் ஆண்டில் மரோ சி.பி.எஸ்.ஸை விட்டு நீங்கி, அமெரிக்க அரசாங்கத்தின் வெளிநாட்டுச் செய்தி இலாகாவுக்குத் தலைவரானார். நீங்கியது குற்றமன்று, அரசாங்கப் பணியும் இழிவன்று. ஆனால் பதவியேற்ற சின்னாளில், பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகமாகிய பி.பி.சி. அந்தப் படத்தைத் தன் நாட்டில் காட்டப் போவதை அறிந்து, காட்டவேண்டா என்று அவரே கேட்டுக்கொண்டார். அயல்நாட்டார் முன் அமெரிக்காவின் பெயர் கெடும் என்பது கருத்து. பி.பி.சி. அதற்கு இணங்காமல் படத்தைக் காட்டிற்று. தாம் உலகறியச் சொன்ன மெய்யைத் தாமே மறைக்க முயன்ற அந்த ஒரு செயல், மரோவின் நெடிய வரலாற்றில் மறையாத மறுவாய் நிற்கிறது. அப்படத்தில் முகங்காட்டிய ஏழைத் தொழிலாளர் அவரை நம்பியல்லவோ தங்கள் துயரைச் சொன்னார்கள்? அவர்கள் இட்ட உப்பை மரோ அன்று ஒருகணம் மறந்தார். இடம் மாறியதில் இல்லாத குற்றம், இடத்துக்கேற்பச் சொல் மாறியதில் உண்டு.

இதே அளவுகோலை வால்ட்டர்ஸ் அம்மையாருக்கும் வைப்போம். 1977-ம் ஆண்டு நவம்பரில் எகிப்து அதிபர் சதாத், பகைநாடாகிய இஸ்ரேலுக்குச் சென்று உலகை வியப்பில் ஆழ்த்தினார். அப்போது சதாத்தையும் இஸ்ரேலியப் பிரதமர் பெகினையும் ஒருங்கே அமர்த்திப் பேட்டி கண்டவர் இந்த அம்மையார். மூத்த ஆடவர் பலரை முந்திக்கொண்டு கண்டார். மூன்று வினாக்கள் கழியும்வரை வாய்மூடி இருக்க வேண்டியவர் என்று ஒருநாள் விதிக்கப்பட்டவர், போரிட்ட இரு நாட்டுத் தலைவர்களிடம் உலகத்தின் சார்பாக வினாத் தொடுத்தார். அன்று அவர் தம் உப்புக்கு உழைத்தார்.

ஆனால் அவரும் பிழை செய்தார். 1986-ம் ஆண்டின் இறுதியில், ஈரானுக்கு இரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரத்தில் தொடர்புடைய தரகர் ஒருவரைப் பேட்டி கண்டபின், அத்தரகர் கொடுத்த தகவல்களை அவர் அதிபர் ரீகனிடம் சேரும்படி செய்தார். 1987-ல் இது வெளிப்பட்டது. இது கம்பெனியின் விதிக்கு முரணானது என்று ஏ.பி.சி.யே அறிவித்தது. மக்களுக்காகச் செய்தி திரட்டச் சென்றவர், அரசாங்கத்துக்குத் தூது சென்றவரானார். எம் கருத்தில், 1976-ல் அவர்மேல் வீசப்பட்ட ஏச்சுக்களில் பத்தில் ஒரு பங்கு, 1987-ல் வீசப்பட்டிருந்தால் அஃது இடமறிந்து வீசியதாயிருக்கும். உலகமோ, அவர் நாற்காலியை மாற்றியபோது கூச்சலிட்ட அளவுக்கு, இதற்குக் கூச்சலிடவில்லை.

பணத்தின் பின்னே ஓடுகிறவர், மேலும் பணம் காட்டும் இடத்துக்கு நாளைக்கே ஓடிவிடுவார் என்றார்கள். அதுவும் பொய்த்தது. 2014-ம் ஆண்டில் ஓய்வுபெறும்வரை, முப்பத்தெட்டு ஆண்டுகள், அவர் ஏ.பி.சி.யிலேயே இருந்தார். 2022-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி, தமது 93-ம் வயதில் இயற்கை எய்தினார். இன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் பெண்கள் செய்தியை முன்னின்று வழங்குவது எவருக்கும் வியப்பாயில்லை. அவ்வியப்பின்மையே அவர் விட்டுச் சென்ற சொத்து.

அன்பர்களே! இதனால் நாம் கொள்ளத்தக்கது யாது? நாமும் நாள்தோறும் செய்தி கேட்கிறோம், படிக்கிறோம். பழகிய குரல் ஒன்று ஒரு நிலையத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறினால், "எவ்வளவு வாங்கினாராம்?" என்றே முதலில் கேட்கிறோம். அக்கேள்வி வம்புக்கு உதவும், அறிவுக்கு உதவாது. கேட்கவேண்டிய கேள்வி இது: நேற்று அங்கிருந்து எதனைக் குற்றம் என்றாரோ, அதனை இன்று இங்கிருந்தும் குற்றம் என்கிறாரா? புதிய முதலாளியின் பிழையையும் பழைய முதலாளியின் பிழையைப்போலவே சொல்லத் துணிகிறாரா? ஆம் எனின், அவர் எங்கிருந்தாலும் நம்மவர். இல்லை எனின், அவர் ஓரிடத்திலேயே வேரூன்றி இருந்தாலும் நமக்கு அயலவர்.

இக்கடமையில் நமக்கும் பங்கு உண்டு. உப்பிடுகிறவர் நாமேயாகையால், யாருக்கு இடுகிறோம் என்று பார்த்து இடவேண்டும். இனிக்கப் பேசுபவருக்கும், நம் பகைவரை ஏசுபவருக்கும், நாம் கேட்க விரும்பியதையே சொல்பவருக்கும் நம் நம்பிக்கையை அள்ளிக் கொடுத்துவிட்டுப் பின்னர் ஏமாந்தோம் என்று புலம்புவதில் பயனில்லை.

தொடக்கத்தில் சொன்ன கடைச் சிப்பந்தியை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். அவர் எதிர்க்கடையில் நின்று நமக்கு அரிசி நிறுத்துக் கொடுக்கிறார். பழைய முதலாளி முகஞ்சுளிக்கிறார், தெரு ஏசுகிறது. நாம் பார்க்க வேண்டியது அவர் கையிலுள்ள தராசை. கடை மாறலாம், படிக்கல் மாறலாகாது.